முக்கால் அங்குலம்

கொட்டேஷனில் இப்படித்தான் இருந்தது:
பழைய துணி பிரித்தல், புதுத் துணி சுற்றித் தைத்தல்,
உருப்படி நாற்பத்தொன்று.
என்ன உருப்படி என்று எழுதவில்லை.

சூளையில் பள்ளிக்கூட யூனிபாரம் தைப்பவள் நான்.
மே மாதம் சாப்பிட நேரமிருக்காது.
அட்வான்ஸ் உண்டு, ஏசி அறை என்றார்கள்,
போனேன்.

ஏசி ஓடவில்லை.
கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
ஆஸ்பத்திரி மியூசியத்தின் கண்ணாடி அலமாரிகளுக்குள்
மெழுகு வியர்த்துக்கொண்டிருந்தது.

ஒரு காது.
ஒரு முதுகு, அதில் படர்தாமரை
(யார் வைத்தார்களோ இவ்வளவு அழகான பேர்).
மூக்கும் மேலுதடும் மட்டும்.
அம்மை போட்ட குழந்தையின் தொடை,
மடிப்பில் பவுடர் அப்பியிருப்பது போல் ஒரு வெளுப்பு.
எல்லாமே கறுப்புப் பலகையில்,
எல்லாவற்றுக்கும் சுற்றிலும் சுருக்கம் வைத்த வெள்ளைத் துணி,
நூறு வருஷத்தில் டீ வடிகட்டின நிறம்.

ஹெப்சிபா மேடம் சொன்னார்,
எல்லாம் அசல் உடம்பில் எடுத்த அச்சு.
கலர் போட்டோ இல்லாத காலம்.
பிளாஸ்டர் பூசி, காயும்வரை அசையாதே என்பார்களாம்.
பிறகு தேன்மெழுகு, குங்கிலியம், சாயம்.
"இப்ப பசங்க போன்லயே பார்த்துக்கிறாங்க."

முதல் நாள் விரல் கூசியது.
இரண்டாம் நாள் பழகிவிட்டது.
பிளவுஸ் அளவு எடுக்கிறபோது கேட்பது போல்
இறுக்கமா இருக்கா என்று
ஒரு தோள்பட்டையிடம் கேட்டுவிட்டேன்.
யாரும் பார்க்கவில்லை.

உருப்படி இருபத்தேழு.
பெண், வயது முப்பது, இடது முன்னங்கை, செதில்படை.
பேர் எழுதும் இடத்தில் கட்டில் எண்.
செதில் ஒவ்வொன்றையும் தனியாக வைத்திருந்தார்கள்,
சுண்ணாம்பு உரியும் சுவர் போல.
முழங்கைப் பக்கம் மட்டும் துணி
மற்றதைவிட முக்கால் அங்குலம் அதிகம் ஏறியிருந்தது.
வெட்டத் தெரியாதவன் என்று நினைத்தேன்.

தையலைப் பிரித்தால்
பச்சை.

பச்சை குத்திய ஒரே ஒரு எழுத்து,
யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்த
பழைய லை.
அதற்கு முன்னால் இருந்தவை அச்சுக்கு வெளியே,
அவளோடு போய்விட்டன.

அஞ்சலையா. ஏழுமலையா. அண்ணாமலையா.
தன் பேரையே ஒருத்தி தன் கையில் எழுதிக்கொள்வாளா?
எழுதிக்கொள்ளலாம்.
கூட்டத்தில் தொலைந்துவிடுவோம் என்று பயந்தவள்
எழுதிக்கொள்ளலாம்.

எனக்குத் தோன்றியது இது:
எந்தத் துரையோ எந்தப் பெரிய டாக்டரோ
இது பாடத்தில் இல்லை என்றிருக்கிறார்.
மெழுகுக்காரர் சரி என்றிருக்கிறார்.
சுரண்டி எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது, சூடான கத்தி போதும்.
அவர் சுரண்டவில்லை.
துணியை முக்கால் அங்குலம் ஏற்றித் தைத்துவிட்டார்.
தையல் முரடு, ஆம்பிளைத் தையல்,
ஆனால் முடிச்சு ஒன்றுகூட மெழுகில் படவில்லை.

அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
அதுவும் ஊசி வேலைதானே.
எவளோ குறத்தி குத்தியிருப்பாள்,
இவள் பல்லைக் கடித்திருப்பாள்,
அப்போது இந்தத் தோல் வழவழவென்று இருந்திருக்கும்.

மின்சாரம் போய் வந்தது.
மின்விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது.
நான் மல் துணியை மடித்து, அளந்து, வெட்டினேன்.

சனிக்கிழமை மேடம் ஸ்கேலோடு வந்தார்.
"இருபத்தேழுல குறையுதே."
மல் துணி, மேடம். சுருங்கும்.
(மூன்று தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகுதான்
கத்திரி வைத்திருந்தேன்.)
குனிந்து பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

பில்லில் அறுபது ரூபாய் கழித்திருந்தார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
மேடத்தின் கையெழுத்தில் எழுதியிருந்தது:
துணி சுருங்கியது.